‘ஒருவகைப் பறவை’

சங்கப் பாடல்களில் புள்ளின் பெயர் வருமிடத்து, அகராதிகளும் உரைகளும் ‘ஒருவகைப் பறவை’ என்று கூறி அமைவதைப் பலகாலும் காண்கிறோம். தேர்வு எழுதும் மாணாக்கருக்கு அது போதும். பாட்டிற்குப் போதுமா என்பதே நம் வினா.

குறுந்தொகைப் பாடலொன்றில் கணந்துள் என்னும் புள் வருகிறது. நெடிய காலுடையது, வழியருகே இருப்பது, ஆள் வரவைக் குரலால் அறிவிப்பது. இவை அப்பாடல் தரும் அடையாளங்கள். அதனை ஆட்காட்டி என்பாரும் உளர். நெட்டைக்கால் உள்ளான் என்பாரும் உளர். நூலகத்தில் அமர்ந்து இவ்வழக்கைத் தீர்த்தல் அரிது. உள்ளானின் கால்கள் உடலளவிற்கு மிக நீளமானவை. ஆனால் அது ஆழங்குறைந்த நீரை விட்டு அகல விரும்பாதது. ஆட்காட்டியோ நீர்க்கரையிலும் வறண்ட திடலிலும் திரிவது. மனிதரைக் கண்டதும் ஓயாது கூவுவது. அதன் மஞ்சட் கால்களும் நீண்டவையே. இரண்டையும் நேரிற் கண்டோர் ஆட்காட்டியின் பக்கமே சாய்வர் என்பது நம் துணிபு. மாறுபடுவோர் இருக்கலாம், அவர்களும் களம் சென்று வந்து மாறுபடட்டும்.

களம் என்று நாம் கூறுவது கோடியக்கரையை. நாகை மாவட்டத்துக் கடைக்கோடியில், 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்நிலத்தின் சேற்றுத் திட்டுகளுக்கும் உப்பளங்களுக்கும் பனிக்காலத்தில் வடபுலத்துக் கரைப்பறவைகள் வந்து தங்குகின்றன. சிட்டுக்குருவியளவே உள்ள கொசு உள்ளான் ஆர்க்டிக் வட்டத்தையொட்டிய சைபீரியப் பகுதியிலிருந்து வருகிறது என்றால் வியப்பன்றோ!

முதன்முறை செல்வோருக்கு எல்லாப் பறவைகளும் ஒன்றுபோலவே தோன்றும். முட்டையிடும் பருவத்துக்குரிய வண்ண இறகுகளை உதிர்த்துவிட்டுச் சாம்பல் நிறம் பூண்டு அவை இங்கு வாழ்வதே காரணம். ஆகவே நிறத்தை நம்பலாகாது. முதலில் நடையைப் பார்க்க வேண்டும். பட்டாணி உள்ளான் சிறிது ஓடும், சட்டென நிற்கும், குனிந்து கொத்தும், மீண்டும் ஓடும். பெரிய கண்ணும் குட்டை அலகும் கொண்ட அது பார்வையால் இரை தேடுவது. பிற உள்ளான்கள் பலவும் நில்லாது நடந்துகொண்டே சேற்றில் அலகைச் செருகும். அலகு நுனியின் தொடு உணர்வே அவற்றுக்கு விளக்கு. அலகின் நீளத்திற்கேற்ப இரையின் ஆழமும் வேறுபடுவதால், ஒரே சேற்றில் பல இனங்கள் பசியாற முடிகிறது. கோட்டானின் நீண்ட அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும் (ஆந்தையினத்துக் கோட்டானோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா). பவளக்காலி எழுந்து பறக்குங்கால் சிறகின் பின்விளிம்பில் வெண்பட்டை பளிச்சிடும். பச்சைக்காலிக்குச் சிறகில் அது இல்லை. வெண்மை முதுகில் ஏறியிருக்கும். கால் சேற்றில் மறைந்த பொழுதும் இதனால் தெளியலாம்.

பவளக்காலி, பச்சைக்காலி, ஆட்காட்டி: இப்பெயர்கள் தாமே அடையாளக் குறிப்புகளாய் நிற்பதைத் தமிழ் மாணாக்கர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏட்டில் ஏறாத பெயர்கள் அளத்துத் தொழிலாளர் நாவிலும் மீனவர் நாவிலும் இன்னும் இருக்கக்கூடும். கேட்டு எழுத ஆளில்லையேல் அவை அம்முதியவர்களோடு மறையும்.

விலங்கியல் துறை இருக்கத் தமிழ்த் துறைக்கு இவ்வேலை ஏன் எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ எழுதிய பி. எல். சாமியும், தமிழில் பறவைப் பெயர்களைத் தொகுத்த பேராசிரியர் க. ரத்னமும் அவ்வாறு எண்ணியிருந்தால் நமக்கு அந்நூல்கள் கிடைத்திரா. விலங்கியலார் இலத்தீன் பெயரைத் தருவர். கணந்துளைத் தேடும் கடமை நம்முடையது.

ஆண்டுதோறும் செல்லும் கல்விச் சுற்றுலாவில் ஒருமுறையேனும், தை மாதத்து விடியலில், மாணாக்கரை அங்கு அழைத்துச் செல்லலாம். விலங்கியல் துறையில் இரண்டு பைனாகுலர்களை இரவல் பெற்றால் போதும். கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்க வேண்டும். பத்துப் பறவைகளைத் தேடி அலையாது, ஒன்றனையே அரைமணி நேரம் நோக்கி, நடை, அலகு, கால், குரல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே நூலைத் திறக்க வேண்டும். பெரிய மணற்பட்டாணி உள்ளானையும் சிறியதனையும் பிரித்தறிவதில் பன்னாள் பழகியோரே தயங்குவர். அவ்விடத்தில் ‘ஐயம்’ என்று எழுதிவைக்கும் மாணாக்கருக்கு மதிப்பெண் குறைக்க வேண்டா.