பழைய போனின் சாவி யார் கையில்?

மேஜை இழுப்பறையில் ஒரு பழைய செல்போன் கிடக்காத வீடு மயிலாப்பூரில் உண்டா? தியாகராய நகரில் உண்டா? அடையாறில்தான் உண்டா?

பேரன் புதுப் போன் வாங்கினான். பழையது பாட்டியிடம் வந்தது. பாட்டியும் இரண்டு வருடம் அதில் பேசினார். பிறகு, "இடம் போதவில்லை, இடம் போதவில்லை" என்று அது அடம் பிடிக்கத் தொடங்கியது. இழுப்பறைக்குள் போய்விட்டது.

கண்ணாடி உடையவில்லை. பேட்டரி ஓடுகிறது. மணி ஒழுங்காக அடிக்கிறது. ஆனாலும் அதற்கு வயதாகிவிட்டது என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டது!

இந்தச் சமயத்தில்தான் பேரன் ஒரு யோசனை சொல்லுவான்.

"பாட்டி, இதை ரூட் பண்ணித் தரட்டுமா? ஒரே ஒரு பட்டனை அமுக்கினால் போதும்."

"ரூட்டா? 29சி போற ரூட்டாடா?"

பாட்டி கேட்டதில் தப்பில்லை. சென்னையில் ரூட் என்றால் பஸ் ரூட்தான். இந்த ரூட் வேறு. 'வேர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இது.

ஒண்டுக் குடித்தனம்

மயிலாப்பூரில் முன்பு ஒண்டுக் குடித்தன வீடுகள் நிறைய உண்டு. ஒரு வாசல். உள்ளே எட்டுக் குடும்பம். ஒருவர் போர்ஷனுக்குள் மற்றவர் நுழைய மாட்டார். எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பவர் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

ஆண்ட்ராய்டு போனும் அப்படிப்பட்ட வீடுதான். வாட்ஸ்அப் ஒரு குடித்தனம். வங்கிச் செயலி ஒரு குடித்தனம். பிள்ளைகளின் விளையாட்டு ஒரு குடித்தனம். ஒன்றின் பெட்டியை இன்னொன்று திறக்க முடியாது. இந்த ஏற்பாடு, ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸ் என்ற அமைப்பிலிருந்து வந்தது. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கியது அது. அதில் எல்லாச் சாவியும் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்குப் பெயர்தான் 'ரூட்'.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? போனைப் பணம் கொடுத்து வாங்கியவர் வீட்டுக்காரர் அல்ல. அவரும் ஒரு குடித்தனக்காரர்தான்! கம்பெனி வைத்து அனுப்பிய செயலி வேண்டாம் என்றால்கூட, பல போன்களில் அதை அடியோடு எடுக்க முடியாது. அது இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கம்பெனி சொல்லும் காரணம் நியாயமானதே. தெரியாமல் ஒரு கோப்பை அழித்தால் போன் டெட் ஆகிவிடும். கெட்ட செயலி கையில் சாவி கிடைத்தால் எல்லாப் பெட்டியும் காலி. அதனால் பூட்டி வைக்கிறோம் என்கிறார்கள். சரி. ஆனால் பூட்டுப் போட்டவர் காவலும் காக்க வேண்டும் அல்லவா?

தமிழுக்கும் பூட்டு!

2010, 2011-ம் ஆண்டுகளில் விற்ற ஆண்ட்ராய்டு போன்களை வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அவற்றில் பலவற்றில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழில் ஒரு செய்தி வந்தால் வரிசையாகக் கட்டங்கள் தெரியும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய போனில் அம்மா அனுப்பிய ஒரு வரியைப் படிக்க முடியாது!

எழுத்துருக் கோப்பு ஒன்றை உள்ளே போட்டால் போதும். ஆனால் அதைப் போட வேண்டிய அறை, வீட்டுக்காரர் அறை. ஆகவே தமிழ் படிக்க ஆசைப்பட்டவர்கள் போனை ரூட் செய்தார்கள். செய்த பிறகும் முழு வெற்றி இல்லை. எழுத்து தெரிந்தது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. 'கொடி' என்பதைக் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த பதிப்புகளில்தான் தமிழ் ஒழுங்காக வந்தது.

பூட்டை உடைப்பவன் எல்லோரும் திருடன் என்று பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலேயே 2010 ஜூலையில், சொந்தப் போனில் விருப்பமான செயலியைப் போடுவதற்காகப் பூட்டைத் திறப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகாது என்று விலக்கு அளித்தார்கள்.

ஒரே பட்டன்

2014 ஜூன். ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 24 வயது அமெரிக்க இளைஞர் 'டவல்ரூட்' என்ற சிறு செயலியை வெளியிட்டார். 17 வயதிலேயே ஐபோனின் பூட்டைத் திறந்து பெயர் வாங்கியவர் அவர். டவல்ரூட்டில் இருந்தது ஒரே பட்டன். 'மழை பெய்யட்டும்' என்கிற மாதிரி அதன் மேல் எழுதியிருந்தது! அமுக்கினால் சில விநாடிகளில் வீட்டுச் சாவி கையில்.

எப்படி? லினக்ஸின் உட்புறத்தில் ஒரு ஓட்டை இருந்தது. வேறொருவர் கண்டுபிடித்த ஓட்டை. அதன் வழியே புகுந்து, "நான்தான் வீட்டுக்காரன்" என்று போனை நம்பவைத்தது அந்தச் செயலி.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்தப் பட்டன் கொடுத்தது கம்பெனி தந்த சாவி அல்ல. கொல்லைப்புறச் சுவரில் இருந்த ஓட்டை. அதன் வழியே பேரன் நுழைய முடியும் என்றால், திருடனும் நுழையலாம்.

நுழைந்தான்! 2016 ஜூனில் 'காட்லெஸ்' என்ற கள்ளச் செயலியைப் பற்றி டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் எச்சரித்தது. ரூட் செய்யும் வித்தைகளையே ஆயுதமாக வைத்துக்கொண்டு 8½ லட்சம் போன்களில் அது புகுந்திருந்தது. அவற்றில் ஏறக்குறையப் பாதி இந்தியாவில்! அதே ஆண்டு நவம்பரில் 'கூலிகன்' வந்தது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கூகுள் கணக்குகள் அதன் கையில் சிக்கின. அது ஏறி வந்த ஏணிகளில் ஒன்று, அதே டவல்ரூட் ஓட்டை.

இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் மருந்து 2014-லேயே தயாராகிவிட்டது. பழைய போன்களுக்கு அது வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

6,399 ரூபாய் வாக்கு

டவல்ரூட் வந்த அதே 2014 ஜூனில் இன்னொன்றும் நடந்தது. அப்போது ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் நம் அசோக் நகரில் வளர்ந்த சுந்தர் பிச்சை. ஐ.ஐ.டி. வளாகத்தில் உள்ள வனவாணிப் பள்ளியில் படித்தவர். அவர் 'ஆண்ட்ராய்டு ஒன்' என்ற திட்டத்தை அறிவித்தார். ஏழைக்கும் நல்ல போன். புதுப்பிப்புகள் கூகுளிடமிருந்தே வரும். செப்டம்பரில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் போன்கள் 6,399 ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்தன. நல்ல திட்டம். ஆனால் புதுப்பிப்புக்கு வாக்கு 2 ஆண்டு!

2 ஆண்டு முடிந்ததும் வீட்டுக்காரர் காவலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பூட்டு மட்டும் தொங்குகிறது.

இப்போது காலம் மாறியிருக்கிறது. கூகுள் 2023-ல் கொண்டுவந்த பிக்சல் 8 போனுக்கும், சாம்சங் 2024-ல் கொண்டுவந்த எஸ்24 போனுக்கும் 7 ஆண்டு வாக்குக் கொடுத்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் அவை அரை லட்சத்துக்கும் மேலே விற்ற போன்கள். மலிவான போனை வாங்குகிறவர்தான் அதை அதிக வருடம் வைத்திருக்கிறார். அவருக்குத்தான் காவல் சீக்கிரம் போய்விடுகிறது. இது என்ன நியாயம்?

காவலை நிறுத்தும் நாளில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சட்டம் போட்டாவது கொடுக்கச் செய்ய வேண்டும். இது முடியாத காரியம் அல்ல. கூகுளின் பிக்சல் போன்கள் சிலவற்றில் இன்றே முறைப்படி பூட்டைத் திறக்க வழி இருக்கிறது. அப்படித் திறக்கும்போது போனில் உள்ள படம், கடிதம் எல்லாம் முதலில் அழிந்துவிடும். திருடியவன் திறந்தாலும் உள்ளே ஒன்றும் கிடைக்காது. அது சாவி! ஒரே பட்டன் கருவி எதையும் அழிப்பதில்லை. அதில்தான் ஆபத்து. சில கருவிகள் வேலை முடிந்த பிறகும் போகாமல், தாங்களே காவலாளியாக அமர்ந்துகொண்டதும் உண்டு.

புதுப் போன்களில் இந்தப் பட்டன் வித்தை அநேகமாகப் பலிக்காது. 2016-ல் வந்த 7-ம் பதிப்பு முதல், போன் விழிக்கும்போதே உள்ளே முத்திரை கலைந்திருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார்க்கிறது. ஆகவே இது இழுப்பறைப் போன்களின் கதை.

அப்படியானால் பாட்டியின் போனை என்ன செய்வது?

வங்கிக் கணக்கும் யு.பி.ஐ.யும் உள்ள போன் என்றால் தொடவே கூடாது. மாட வீதியில் கீரைக்காரம்மாவுக்குப் பணம் அனுப்பும் போன் அது. ரூட் செய்த போனில் பல வங்கிச் செயலிகள் திறக்கவும் மறுத்துவிடும். சும்மா கிடக்கும் போன் என்றால் படங்களை வேறிடம் மாற்றி, கூகுள் கணக்கை எடுத்து, சிம்மை வெளியே எடுத்து, உள்ளே உள்ளதை முழுவதும் அழித்துவிட்டுத் தொடங்கலாம். யாரோ அனுப்பிய கருவியை நம்பி இறக்கக் கூடாது. விவரம் போதாதென்றால் ரிச்சி தெருவில் தொழில் தெரிந்த ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. போன் டெட் ஆனாலும் பரவாயில்லை என்ற மனசும் வேண்டும்.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இதிலே என் பென்ஷன் ஒண்ணும் இல்லையே?"

"இல்லை பாட்டி. சிம்மையும் எடுத்தாச்சு."

"அப்போ பண்ணு. அந்த ஷேர் மார்க்கெட் படம் ஒண்ணு கூடவே வந்ததே, முதல்லே அதைத் தூக்கு!"