பெயரில் மட்டும் குளம்... பெயரில் மட்டும் மரம்!

வேப்பமூட்டில் சாயங்காலம் பஸ்சுக்கு நின்றிருந்தேன். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், டியூஷன் முடிந்த பிள்ளைகள், கோட்டாறில் சரக்கு வாங்கிய பைகளோடு கடைக்காரர்கள். நிற்க இடமில்லை. பக்கத்தில் ஓர் அம்மா. கையைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயசுப் பையன்.

"அம்மா, மூடுன்னா என்னம்மா?"

"மரத்துக்க அடி."

"அப்போ வேப்பமரம் எங்கம்மா?"

"அது ஸ்டாப்புக்க பேரு மக்கா. பேசாம நில்லு."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். பையன் கேட்ட கேள்வி மட்டும் ஏறவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். நாகர்கோவிலில் எத்தனை இடத்துக்கு இப்படிப் பெயர்? செட்டிகுளம் என்கிறோம். அந்தச் சந்திப்பில் நின்று சுற்றிப் பார்த்தால் குளம் கண்ணில் படுமா? ஹாரன் சத்தம்தான் காதில் விழும். வெட்டூர்ணிமடம் என்கிறோம். மடம் என்றால் வழிப்போக்கன் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறிய இடம். இன்றைக்கு அந்த ரோட்டில் ஒருவன் ஒரு நிமிஷம் நின்றால் பின்னால் வருகிற வண்டிக்காரன் ஏசுவான். புளியடி என்கிறோம். அந்தப் பெயரைச் சொன்னால் ஊர்க்காரனுக்குப் புளியமரம் ஞாபகம் வராது. சுடுகாடுதான் ஞாபகம் வரும். வலம்புரிவிளை என்று ஓர் இடம். விளை என்றால் தென்னையும் மாவும் நிற்கிற தோட்டம். எத்தனை அழகான பெயர்! வருஷக்கணக்காக ஊர்க் குப்பை மொத்தத்தையும் அந்த விளையின் தலையில்தான் கொட்டினோம். அது தீப்பிடித்துப் புகைந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ராத்திரி மூச்சு முட்டிய சேதியை இந்த ஊர்ப் பேப்பர்களில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்?

இவ்வளவு ஏன், நாஞ்சில் நாடு என்று மார் தட்டுகிறோமே, நாஞ்சில் என்றால் என்ன? கலப்பை! கன்னிப்பூ, கும்பப்பூ என்று ரெண்டு பூ விளைந்த மண். இப்போது வயல் வரப்பில் கல் ஊன்றிக் கலர் கொடி கட்டி, "மனைகள் விற்பனைக்கு" என்று போர்டு வைக்கிறோம். அந்த நகருக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். பசுமை நகர் என்றோ, வயல் நகர் என்றோ இருந்தாலும் ஆச்சரியமில்லை. பொருளைக் கொன்று பெயரை மட்டும் போர்டில் எழுதி வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்.

அன்றே எழுதி வைத்தார்

இது இன்று நேற்றுத் தொடங்கிய வியாதி அல்ல. நம்மூர் சுந்தர ராமசாமி 1966-ல் 'ஒரு புளியமரத்தின் கதை' என்று நாவல் எழுதினார். முச்சந்தியில் நிற்கிற ஒரு புளியமரம்தான் அதில் கதாநாயகன். மரத்தைச் சுற்றி முதலில் குளம் இருக்கிறது. குளத்தைத் தூர்க்கிறார்கள். ரோடு வருகிறது. கடை வருகிறது. பக்கத்துக் காற்றாடி மரத் தோப்பை வெட்டிப் பூங்கா போடுகிறார்கள். கடைசியில் வியாபாரப் போட்டியிலும் முனிசிபல் எலெக்ஷன் சண்டையிலும் அந்தப் புளியமரமும் செத்துப் போகிறது.

கவனியுங்கள். அந்த மரம் இடி விழுந்து சாகவில்லை. புயலில் சாயவில்லை. மனுஷன் தன் காரியத்துக்காகக் கொன்றான். நாவல் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் அதைப் பாராட்டினோம். பரீட்சைக்குப் படித்தோம். மேடையில் பேசினோம். பேசி முடித்து வெளியே வந்து அடுத்த குளத்தைத் தூர்த்தோம்!

தண்ணிக்கு பட்டா வேண்டாம்

ஆனால் மனுஷன் மறந்தாலும் மழை மறப்பதில்லை. 2021 நவம்பரில் கொட்டிய கொட்டு ஞாபகம் இருக்கிறதா? பழையாறு கரை புரண்டது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்டவாளத்தில் மண் சரிந்தது. அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. நெல்லை, தூத்துக்குடியோடு சேர்த்து நம்மையும் புரட்டி எடுத்தது. நாகர்கோவிலில் தாழ்ந்த இடமெல்லாம் வெள்ளக்காடு.

அந்தத் தண்ணீர் எங்கே போய் நின்றது? எங்கே குளம் இருந்ததோ, எங்கே வயல் இருந்ததோ, எங்கே ஓடை இருந்ததோ, அங்கேதான் போய் நின்றது. தண்ணிக்கு பட்டா வேண்டாம், பத்திரம் வேண்டாம். அது பழைய விலாசத்தைத் தேடி நேரே வந்துவிடும். நாம் அங்கே வீடு கட்டி, கடன் வாங்கி, டைல்ஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த வெள்ளம் வடிந்து நாலு மாசத்தில் முக்கடல் அணையில் தண்ணீர் இறங்கும். குழாயில் இத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று சேதி வரும். குடத்தை வரிசையாக வைப்போம். ஐப்பசியில் தண்ணீரில் முங்குகிற ஊர், பங்குனியில் தண்ணீருக்கு அழுகிறது. நடுவிலே வாங்கி வைத்துக்கொள்ள இருந்த குளங்களைத் தூர்த்தால் வேறென்ன நடக்கும்?

ஒரு கையில் மூக்கு, ஒரு கையில் குப்பை

ஒழுகினசேரிப் பாலத்துக்கு ஒரு நாள் விடியற்காலம் போய்ப் பாருங்கள். கீழே பழையாறு. நான் பார்த்ததைச் சொல்கிறேன். நல்ல சட்டை போட்ட ஆசாமி. ஸ்கூட்டரை நிறுத்தினார். நாற்றம் தாங்காமல் இடது கையால் மூக்கைப் பொத்தினார். வலது கையால் பாலிதீன் பையை ஆற்றில் வீசினார். "சே, என்ன ஊருவே இது!" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்தது இதே ஒழுகினசேரியில்தான், 1908-ல். மனுஷனுடைய கோணல்புத்தியைச் சிரிக்க வைத்தே திருத்தப் பார்த்தவர். அவர் மட்டும் அந்தப் பாலத்தில் நின்றிருந்தால் ஒரு படத்துக்கு வேண்டிய காமெடி அங்கேயே கிடைத்திருக்கும். ஆனால் சிரித்து முடித்த பிறகு அழுதிருப்பார். ஏனென்றால் அந்தப் பை ஒழுகினசேரியோடு நிற்காது. ஆற்றோடு சுசீந்திரம் போகும். மணக்குடிக் காயல் போகும். கடலுக்குப் போகும். சுசீந்திரம், தேரூர்க் குளங்களை உலக மதிப்புள்ள ஈரநிலம் என்று 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கிருந்தோ பறந்து வருகிற பறவைக்கு நம் குளத்தின் அருமை தெரிகிறது. பாலத்தில் நிற்கிற நமக்குத் தெரியவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஆசாமியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நமக்கெதுக்கு வம்பு" என்று வந்துவிட்டேன். அவர் வீசிய பையில் பாதி என் கணக்கிலும் சேரும்.

கடைக்காரர் கேட்டது

இதைச் சாயாக்கடையில் சொன்னபோது மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எழுதுவியோ, சரிதான். எனக்க கஷ்டத்தையும் கேளுங்கோ. ராத்திரி கடை அடைக்கும்போ ரெண்டு சாக்கு குப்பை சேருது. குப்பை வண்டி காலம்பற வருது. நான் கடை தொறக்குது ஒம்பது மணிக்கு. அதுவரைக்கும் அந்தச் சாக்கை நான் தலைமாட்டுல வச்சு ஒறங்கவா? முனிசிபாலிட்டி 2019-ல கார்ப்பரேஷன் ஆச்சு. போர்டு மாறிச்சு. எனக்க கடை முன்னால உள்ள ஓடை மாறிச்சா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லத்தான் வேண்டும். கடைத்தெருவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு வண்டி விடுவது ஆகாத காரியமா? பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் கோடி கோடியாய்ச் செலவழித்து மேம்பாலம் கட்ட முடிந்த நாட்டில் இது முடியாதா?

இன்னொரு பெரியவர் பெருமூச்சு விட்டார். "அந்தக் காலத்துல மீனு வாங்கினா தேக்கிலை. பூ வாங்கினா வாழையிலை. சாமான் கொண்டு வர ஓலைக்கடவம். தூரப் போட்டா மண்ணோட மண்ணாப் போகும். அதெல்லாம் ஒரு காலம்!"

ஆமாம். பாலிதீன் பைக்குத் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை ரிஜிஸ்டரில் இருக்கிறது. பை நம் கையில் இருக்கிறது.

அந்தக் காலம் பொற்காலமா?

ஆனால் "அந்தக் காலம்" என்று ரொம்பவும் உருக வேண்டாம். அந்தக் காலத்தில் குளமும் தெருவும் யாருக்கு இருந்தது? சுசீந்திரம் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கக்கூட எத்தனையோ ஜாதிக்காரர்களுக்கு உரிமை இல்லை. 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. கோட்டாறு டாக்டர் எம்.இ.நாயுடு போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். ஜனங்கள் அடி வாங்கினார்கள். 1936 நவம்பர் 12-ந் தேதி திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் போட்ட பிறகுதான் கோவில் கதவு எல்லாருக்கும் திறந்தது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு தெருவில் கால் வைப்பதற்காக நம் தாத்தாக்கள் உதை பட்டார்கள். அந்தத் தெரு எல்லாருக்கும் சொந்தமானது. எல்லாருக்கும் சொந்தம் என்று ஆனதை, யாருக்கும் சொந்தமில்லாதது என்று நாம் ஆக்கிவிட்டோம்! வீட்டு முற்றத்தைக் காலையில் பெருக்கிக் கோலம் போடுகிறோம். பெருக்கிய குப்பையைத் தெருவோரத்தில் தள்ளுகிறோம். முற்றம் நமக்கு, தெரு யாருக்கோ!

மேலே நின்று அதிகாரம் செய்தவன் போய்விட்டான். நல்லது. அவன் இடத்தில் பொறுப்போடு நாம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. குளத்தில் மண் அள்ள வேண்டிய காலத்தில் ஊரே இறங்கி மண் அள்ளிய குடிமராமத்து போயிற்று. "கவர்மெண்ட் பார்த்துக்கிடும்" என்கிற வார்த்தை வந்தது. கவர்மெண்ட், "பப்ளிக் ஒத்துழைக்கல்ல" என்றது. நடுவிலே குளம் செத்தது. ஊரின் அழுக்கு, ஆள் இல்லாத காரணத்தால் வந்ததல்ல. இது நம்முடையது என்கிற எண்ணம் இல்லாத காரணத்தால் வந்தது.

என்ன செய்யலாம்?

பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை.

அதிகாரிகளுக்கு: மிஞ்சியிருக்கிற குளத்துக்கெல்லாம் எல்லைக்கல் போட்டு, ஏக்கர் கணக்கை எல்லாரும் படிக்கிற மாதிரிக் கரையில் போர்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் ஏக்கர் குறைந்தால் ஊர் கேட்கட்டும். ஜூன் மாசம் அணை திறக்கும் முன்னால் சானலைத் துப்புரவு செய்யுங்கள். தண்ணீர் வந்த பிறகு குப்பையைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். கடைத்தெருவுக்கு ராத்திரி வண்டி விடுங்கள்.

நமக்கு: உங்கள் தெரு ஓடை எந்தக் குளத்துக்குப் போகிறது என்று ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன். மனை வாங்கப் போகிறவர்கள் புரோக்கரைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். "இது முன்னால என்னவா இருந்தது பாட்டி?" என்று கேட்டால் வில்லங்கச் சான்றிதழில் இல்லாததெல்லாம் வரும். பாலத்தில் பை வீசுகிறவனைப் பார்த்தால், என்னைப் போல வாயை மூடிக்கொண்டு வராதீர்கள். "வே, அது நம்ம ஆறுல்லா!" என்று ஒரு வார்த்தை. சண்டை வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

வேப்பமூட்டுப் பையன் வளர்ந்துவிடுவான். நாளைக்கு அவன் மகன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பான். வேப்பமரம் எங்கே என்று கேட்கமாட்டான். அதற்குத்தான் பதில் சொல்லியாயிற்றே! "அப்பா, பழையாறுன்னா என்னப்பா?" என்று கேட்பான்.

"அது ஸ்டாப்புக்க பேரு மக்கா" என்று அவன் சொல்லும்படி வைக்கப் போகிறோமா?