மேல்முறையீடு இல்லாத வீடு

சென்ற மாதம் ஒரு திருமணத்தில், தூரத்து உறவில் மாமா முறையாகும் முதியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "நீ செஞ்சது தவம்ப்பா" என்றார். அவருடைய கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. என் மனைவி மறைந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். இடைப்பட்ட காலத்தில் நான் செய்ததெல்லாம், காலை ஐந்தரைக்கு எழுந்து குக்கர் வைத்தது, இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டது (வகிடு நேராக வர ஆறு மாதம் ஆயிற்று), பள்ளி வேன் வராத நாட்களில் அலுவலகத்தில் பொய் சொன்னது, காய்ச்சல் இரவுகளில் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தது ஆகியவைதாம். இவற்றை எத்தனையோ பெண்கள், கணவன் அதே வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும்போதே தினமும் செய்கிறார்கள். அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு யாரும் கண்கலங்குவதில்லை.

தவம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் எதிர்வீட்டுப் பெண்மணி நினைவுக்கு வருகிறார். 2015இல் மகனோடு அங்கே குடிவந்தவர். மணவிலக்குப் பெற்றவர். என் வீட்டில் நடந்தது அத்தனையும் அவர் வீட்டிலும் நடந்தது. அதே குக்கர், அதே வேன், அதே காய்ச்சல். எனக்கு அலுவலகத்தில் தாமதமானால் அடுக்ககத்தில் யாராவது ஒருவர் என் மகளை அழைத்து உட்காரவைத்துத் தோசை வார்த்துக் கொடுத்திருப்பார்கள். அவருக்குத் தாமதமானால் எத்தனை மணிக்கு வந்தார், எந்த வாகனத்தில் வந்தார் என்பது மறுநாள் மொட்டைமாடியில் பேசப்பட்டிருக்கும். செயல் ஒன்றுதான். நான் செய்தால் தவம், அவர் செய்தால் வினைப்பயன்.

"குழந்தைக்காக" என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. மனைவி இறந்து ஆண்டு திரும்புவதற்குள் எனக்கு இரண்டு வரன்கள் கொண்டுவரப்பட்டன. குழந்தைக்காகவாவது செய்துகொள் என்றார்கள். எதிர்வீட்டுப் பெண்மணியிடம் அவருடைய சொந்தத் தாயாரே, குழந்தைக்காகவாவது பொறுத்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கலாம் என்று சொன்னாராம். பிறகு ஒரு சமயம் மறுமணப் பேச்சு எழுந்தபோது, குழந்தை இருக்கிறதே என்று அவரே அதை நிறுத்தியும் வைத்தார். ஆணுக்குக் கதவைத் திறந்துவிடும் அதே சொல் பெண்ணுக்குத் தாழ்ப்பாள் ஆகிவிடுகிறது. இருவர் விஷயத்திலும் குழந்தையை யாரும் கேட்கவில்லை என்பது வேறு.

இலக்கியம் இதில் நமக்கு எவ்வளவு உதவியிருக்கிறது என்று சில காலமாக யோசித்துவருகிறேன். பள்ளியிலேயே நாம் பாடம் பண்ணிய தனித்தாய் ஒருத்தி உண்டு. புறநானூற்றின் 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் பெண். முன்னர் நடந்த போரில் தமையனை இழந்தவள் (தந்தை என்று உரை கொள்வோரும் உண்டு), நேற்றைய போரில் கணவனையும் இழந்தவள். இன்று பறையொலி கேட்டதும் ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். மேடைகளில் எத்தனையோ முறை கேட்டுச் சிலிர்த்த பாட்டு. நானே வகிடு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. கணவன் இறந்தது நேற்று. அப்படியானால் அவள் தனியாக மகனை வளர்த்தது ஒரே ஒரு நாள்! கவிதைக்கு அந்த ஒரு நாள் போதும். எனக்கு இதுவரை நாலாயிரம் நாட்கள் ஆகியிருக்கின்றன. அவற்றுள் பறை முழங்கிய நாள் ஒன்றுகூட இல்லை.

புராணத்துத் தனித்தாய்களுக்கோ எப்போதும் ஓர் ஆசிரமம் வாய்த்துவிடுகிறது. சீதைக்கு வால்மீகியின் குடில். சகுந்தலைக்கும் முனிவர் ஒருவரின் நிழல். லவகுசர்களுக்குச் சோறூட்டிய சீதைக்கு, அவர்களை உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கதை சொன்னவர்களுக்கு, ஒருவர் மட்டும் வளர்க்க முடியாது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. கதை கேட்ட நாம்தான் ஆசிரமத்தை மறந்துவிட்டுக் கற்பையும் பொறுமையையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என் அபிப்பிராயத்தில், தனியாகப் பிள்ளை வளர்ப்பதன் கஷ்டத்தை உண்மையாகத் தொட்டவர் சாத்தனார். மணிமேகலையின் தொடக்கத்தில், இந்திர விழாவுக்கு மாதவியும் மகளும் ஆட வரவில்லை என்று ஊர் பேசுகிறது. சித்திராபதி வசந்தமாலையை அனுப்புகிறாள். வந்தவளிடம் மாதவி, மணிமேகலை கண்ணகியின் மகள், அவள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டாள் என்ற பொருள்படச் சொல்லிவிடுகிறாள். இதை மாதவியின் பெருந்தன்மை என்றே பொதுவாக விளக்குவார்கள். எனக்கு வேறொன்று தெரிகிறது. தன் தாயும் ஊரும் ஒரு பக்கம் இழுக்க, மகளைக் காப்பாற்றத் தான் ஒருத்தி போதாது என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதனால் இன்னொரு தாயைத் துணைக்கு அழைக்கிறாள். உயிரோடு யாரும் கிடைக்காததால், இறந்துபோன கண்ணகியை. அங்கே இன்னொன்றும் நடக்கிறது. தோழிகள் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அருகில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த மகளின் காதில் விழுந்து, அவள் கண்ணீர் மாலையை நனைத்துவிடுகிறது. ஒற்றைப் பெற்றோர் வீட்டில் குழந்தைக்குக் கேட்காத தூரம் என்று ஒன்று கிடையாது. கடன் பற்றியும் வழக்கு பற்றியும் மறுமணம் பற்றியும் நாம் தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசுகிறோம். பக்கத்தில் பிள்ளை கணக்குப் போடுவதுபோல் உட்கார்ந்திருக்கிறது.

பணம், நேரம், தூக்கம், இவையெல்லாம் கஷ்டங்கள்தாம். ஆனால் இவை வெளியே தெரிகிறவை. இவற்றைப் பற்றி எழுதுவோர் நிறையப் பேர் இருப்பதால் நான் விட்டுவிடுகிறேன். எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத கஷ்டம் ஒன்று உண்டு. இருவர் இருக்கும் வீட்டில் அப்பா திட்டினால் குழந்தை அம்மாவிடம் போகும். அம்மா உள்ளூர அப்பாவை ஆதரித்தாலும், தலையைத் தடவி ஏதாவது சொல்லி அனுப்புவாள். தீர்ப்பு மாறாது, ஆனால் முறையிட ஓர் இடம் இருக்கும். என் வீட்டில் குற்றம் சாட்டுபவனும் நானே, தீர்ப்பு எழுதுபவனும் நானே, பிறகு கண்ணீரைத் துடைக்கப் போகவேண்டியவனும் நானே.

மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, கைப்பேசி விஷயமாகக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவள் அறைக்குப் போகவில்லை. பால்கனியில் போய் நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் பாலோடு போய், குரலைத் தணித்துக்கொண்டு, "குட்டிம்மா..." என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "இப்ப அம்மாவா வந்திருக்கீங்களா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியாழ்வார் யசோதையின் குரலை எடுத்துக்கொண்டு கண்ணனைத் தாலாட்டினார். கண்ணனோடு போய்விட்ட மகளை நினைத்துப் புலம்பும் தாயாகவும் பாடினார். ஆண்டாளை வளர்த்த தகப்பன் அல்லவா, அதில் அவருடைய சொந்த வீட்டைக் கேட்பவர்கள் உண்டு. பாட்டில் ஒருவர் இரண்டு குரலாக முடியும். வீட்டில் முடியாது என்பதை எட்டாம் வகுப்புப் பெண் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து தாயுமானவனாக இருக்கும் முயற்சியை விட்டுவிட்டேன். தகப்பனாக மட்டும் இருப்பது, மற்றதற்கு ஆள் தேடுவது என்று வைத்துக்கொண்டேன்.

ஆள் எதிர்வீட்டிலேயே இருந்தார். மகள் பெரியவளானபோது கும்பகோணத்திலிருந்து என் அக்கா வந்து சேர மறுநாள் ஆயிற்று. அதற்குள் சொல்லவேண்டியதையெல்லாம் அவர் சொல்லி முடித்திருந்தார். அவருடைய மகன் முதன்முதலாகச் சவரம் செய்யக் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால். அவன் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு எங்கள் கூடத்தில் வந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்காருவான். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். பெரும்பாலும் அம்மா சொன்னதே சரி என்றுதான் கடைசியில் சொல்லுவேன். என் மகளுக்கு அந்த வீடு. இரு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று மேல்முறையீட்டு மன்றம் ஆகிவிட்டன. (படிப்பவர் மனத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். இல்லை. எங்கள் அடுக்ககச் செயலாளரும் அதைத்தான் நினைத்தார்.)

இதற்கு இவ்வளவு தற்செயல் தேவைப்பட்டிருக்கக் கூடாது என்பதுதான் என் மனக்குறை. தனிப் பெற்றோரைப் பாராட்டுவதில் நமக்கு இருக்கும் உற்சாகம், மாலை ஆறு முதல் எட்டு வரை அவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் இருப்பதில்லை. தியாகி என்று சொல்லிவிட்டால் அவருக்கு உதவி தேவையில்லை என்றாகிவிடுகிறது. தியாகியிடம் போய், இன்று ரசம் நான் வைத்துத் தருகிறேன் என்று யார் சொல்வார்கள்?

சட்டம் சமூகத்தைவிடக் கொஞ்சம் முன்னால்தான் நடந்திருக்கிறது, தட்டுத்தடுமாறி. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்றது. கோயம்புத்தூரில் பிறந்த நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் கடன்பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தபோது, தந்தையின் கையொப்பம் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அவர் தனித்தாய் அல்லர். கணவரின் சம்மதத்தோடுதான் விண்ணப்பித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1999இல் தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கவில்லை. 'பின்' என்ற சொல்லுக்கு 'இறந்த பின்' என்று மட்டும் பொருள் இல்லை, 'இல்லாதபோது' என்றும் பொருள் கொள்ளலாம் என்றது. ஒரு சொல்லின் பொருளை அகட்டி அதன் வழியே தாய்மார்களை உள்ளே விட்டார்கள். தந்தையையும் தாயையும் சமமாக வைக்கவேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலே காப்பாளர் ஆகலாம் என்று தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்ற மாற்றம் 2016 டிசம்பரில்தான் வந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி சிங்கப்பூரிலிருக்கும் தம்பியைப் பார்க்கப்போக மகனுக்குக் கடவுச்சீட்டு எடுக்க அலைந்தது அந்த ஆண்டின் கோடையில்!

மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதிலுமாக 730 நாட்கள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. 2018இல் விதியைத் திருத்தி, தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் அதை நீட்டித்தார்கள். நான் தனியார் நிறுவனத்தில் இருப்பவன். எனக்குக் கிடைத்ததெல்லாம் மேலாளரின் நல்ல மனநிலை. அதையும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் இரண்டு வீடுகளிலும் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணை நினைத்தால் என் புலம்பல் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அவளுக்கு வயது 26. மகன் பிறந்த ஆறாம் மாதம் கணவன் வேலைக்கென்று வெளியூர் போனான், திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்பதற்குச் சான்றிதழ் இல்லை, எனவே கைம்பெண் அல்லள். நீதிமன்றப் படியேறியதில்லை, எனவே மணவிலக்குப் பெற்றவளும் அல்லள். அவளைச் சொல்ல ஒரு சொல் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம். இருக்கிறது. கணவனால் கைவிடப்பட்டோருக்குத் தமிழ்நாட்டில் மாத உதவித்தொகை உண்டு. படிவத்தை வாங்கிவந்து என் மகளே உட்கார்ந்து வாசித்தாள். சட்டப்படிப் பிரிந்ததற்குச் சான்று வேண்டும், இல்லையேல் கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும்.

"அதுவரைக்கும் இவங்க என்ன செய்வாங்கப்பா?" என்றாள்.

அவள் பாத்திரம் தேய்த்து முடிக்கும்வரை பையன் எங்கள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருப்பான். பெரும்பாலும் பேருந்துதான் வரைவான். ஐந்து ஆண்டு முடிய இன்னும் 14 மாதங்கள் இருக்கின்றன. அவளுக்கு 30 ஆகும்போது அவன் மூன்றாம் வகுப்புக்கு வந்திருப்பான்.