‘ஆனால்’ என்று எழுதினால் யார் பொறுப்பு?

எமது கட்டுரைக் கொப்பிகளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அனேகமாக அங்கே ஒரு பட்டியல் இருக்கும். மேலும், அத்துடன், அதுமட்டுமன்றி, எனவே, ஆகவே, ஆகையால், எனினும், இருப்பினும், மாறாக, இறுதியாக. சாதாரண தரத்தில் தமிழ் படித்த எவருக்கும் இது புதிதல்ல. “ஒவ்வொரு பந்தியையும் இவற்றில் ஒன்றைக் கொண்டு தொடங்குங்கள், கட்டுரை கோவையாக அமையும்” என்ற குறிப்போடு டியூஷன் வகுப்புகளில் இதைப் பிரதி எடுத்தும் தருகிறார்கள்.

இந்தப் பட்டியலை மனனம் செய்யும் வழக்கத்தை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. இணைப்புச் சொற்கள் கட்டுரைக்குத் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பந்தியின் தலையில் குத்திவிடும் ஊசிப் பூவைப் போல அவற்றை நினைக்க இந்தப் பட்டியல் எம்மைப் பழக்கிவிடுகிறது. ஒவ்வோர் இணைப்புச் சொல்லும் வாசகருக்கு ஒரு செய்தி சொல்கிறது. அந்தச் செய்தி பொய்யாக இருந்தால் அதற்கு எழுதியவள்தான் பொறுப்பு.

பட்டியலை வைத்து எழுதிய கட்டுரை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன். “வாசிப்பு அறிவை வளர்க்கிறது. மேலும் நூலகங்கள் அமைதியான இடங்கள். எனவே இன்று கைபேசிப் பாவனை அதிகரித்துள்ளது. இருப்பினும் நாம் அனைவரும் வாசிக்க வேண்டும்.” முதற் பார்வையில் கோவையாகவே தெரிகிறது. நூலகங்கள் அமைதியாக இருப்பதாலா கைபேசிப் பாவனை அதிகரித்தது? ‘எனவே’ அப்படித்தான் சொல்கிறது. எழுதியவள் அப்படி நினைக்கவே இல்லை. பட்டியலில் அடுத்ததாக அந்தச் சொல் இருந்தது, அவ்வளவுதான். இந்த நான்கு வசனங்களிலும் உள்ள இணைப்புச் சொற்களை அழித்துவிட்டு மீண்டும் வாசியுங்கள். எதுவும் குறையவில்லை. ஒரு பிழையும் குறைந்துவிட்டது.

இந்தச் சொற்களில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வினைச்சொல் இருக்கும். ‘எனவே’ என்பது ‘என’வும் ஏகாரமும். ‘என்று சொல்ல’ என்பது அதன் அடிப்படை. ‘ஆகவே’ என்பது ‘ஆக’வும் ஏகாரமும். ‘எனினும்’ என்றால் ‘என்று சொன்னாலும்’. ‘இருப்பினும்’ என்றால் ‘அப்படி இருந்தாலும்’. எங்கள் உம்மா “மழை எண்டபடியால் வரல்ல”, “காய்ச்சல் எண்டாலும் பரீட்சைக்குப் போகத்தான் வேணும்” என்று பேசும்போது இதே வேலையைத்தான் செய்கிறார். பேச்சில் அவர் ஒருபோதும் பிழை விடுவதில்லை. ‘எண்டபடியால்’ என்று சொல்வதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும், காரணம் இல்லாவிட்டால் அந்தச் சொல் வாயில் வராது. பேனாவைக் கையில் எடுத்ததும் எமக்கு மட்டும் ஏன் காரணம் இல்லாமலே ‘எனவே’ வருகிறது? வீட்டில் தெரிந்த ஒன்றை வகுப்பில் புதிய பாடம் போலப் பட்டியலாகப் படித்ததால்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே நான் பின்பற்றும் சோதனை மிகச் சிறியது. ‘எனவே’ என்று எழுதியதும் அந்த இடத்தில் ‘என்றபடியால்’ என்று போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். முன் வசனமும் பின் வசனமும் அதற்கு ஒத்துக்கொண்டால் விட்டுவிடலாம்.

இன்னொன்று, தமிழில் எல்லா இணைப்புக்கும் தனிச்சொல் தேவைப்படுவதில்லை. “மழை பெய்தது. எனவே போட்டி நிறுத்தப்பட்டது” என்று எழுதுகிறோம். “மழை பெய்ததால் போட்டி நின்றது” என்றாலே போதும். காரணம் வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. வசனத்தின் தலையில் ஒரு சொல்லை வைத்துக் காற்புள்ளி போடுவது பெரும்பாலும் ஆங்கிலப் பாடத்திலிருந்து எம்மிடம் தொற்றிய பழக்கம். ஆங்கிலத்துக்கு அது அழகுதான். தமிழில் செய்து, செய்தால், செய்தாலும், செய்தபோது, செய்ததால் என்று ஒரே வினை எத்தனை விதமாகக் கை நீட்டி அடுத்த வினையைப் பிடிக்கிறது! அதை விட்டுவிட்டு வசனங்களைத் துண்டு துண்டாக வெட்டி, பிறகு பட்டியலிலிருந்து பசை எடுத்து ஒட்டுவது வீண் வேலை.

இந்தச் சின்னச் சொற்களை எமது இலக்கணக்காரர்கள் அலட்சியமாக நினைக்கவில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் இடைச்சொற்களுக்கென்றே இடையியல் என்று ஓர் இயல் இருக்கிறது. ‘உம்’ என்ற ஒன்றுக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்லப்படுகிறது: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். “பாத்திமாவும் வந்தாள்” என்றால் வேறு யாரோ முன்பே வந்திருக்கிறாள். அந்த வேறொருத்தியை நாம் சொல்லவே இல்லை, ‘உம்’ சொல்லிவிட்டது. “மூவரும் வந்தனர்” என்றால் ஒருவரும் மிச்சமில்லை. ஒற்றை அசைக்கு இவ்வளவு வேலை.

இன்று அந்த ‘உம்’ இருந்த இடத்தில் ‘மற்றும்’ வந்து உட்கார்ந்துகொண்டது. அறிவித்தல்களிலும் பெயர்ப் பலகைகளிலும் இப்போது எமது கட்டுரைகளிலும் “மாணவர்கள் மற்றும் பெற்றோர்கள்”. ‘மாணவரும் பெற்றோரும்’ என்றால் என்ன குறைந்துவிடும்? தொல்காப்பியம் ‘மற்று’ என்பதற்குச் சொல்லும் பொருள் ஒரு செயலை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, இல்லாவிட்டால் வெறும் அசைநிலை. இரண்டு பெயர்களைக் கூட்டும் வேலை அதற்கு அங்கே இல்லை. சொற்கள் காலத்தோடு மாறுவதை நான் எதிர்க்கவில்லை, என்றாலும் இந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகிறேன்.

உயர்தரத்தில் நான் அளவையியலும் அரபும் படிக்கிறேன். இணைப்புச் சொற்களைப் பற்றி யோசிக்க வைத்தவை இந்த இரண்டு பாடங்களும்தான். அரபில் ‘வ’ என்றால் வெறுமனே சேர்த்தல், எது முதலில் நடந்தது என்று அது சொல்லாது. ‘ஃப’ என்றால் ஒன்று முடிந்த கையோடு மற்றது. ‘ஸும்ம’ என்றால் இடையில் காலம் கழிந்திருக்கிறது. மூன்றையும் தமிழில் அவசரமாக ‘பிறகு’ என்று எழுதிவிட்டால் பொருள் கெட்டுவிடும். குத்பாவில் புகழுரையும் ஸலவாத்தும் முடிந்ததும் ‘அம்மா பஃது’ என்று வருவதை எல்லோரும் கேட்டிருப்போம். ‘இதன் பின்னர்’ என்பது அதன் பொருள். முன்னுரை முடிந்தது, இனிப் பேச வந்த விடயம் என்று கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் சொல் அது. ஒரு பேச்சில் ஒரு தடவை, உரிய இடத்தில். அதைப் பத்துத் தடவை சொன்னால் யார் நிமிர்வார்கள்?

அளவையியலிலோ இதற்கு நேர்மாறான ஓர் அதிர்ச்சி. இரண்டு கூற்றுகளை ‘உம்’ கொண்டு இணைத்தாலும் ‘ஆனால்’ கொண்டு இணைத்தாலும் குறியீடு ஒன்றுதான். இரண்டும் உண்மையென்றால் முழுவதும் உண்மை. “அவள் ஏழை, நேர்மையானவள்” என்பதும் “அவள் ஏழை, ஆனால் நேர்மையானவள்” என்பதும் உண்மை அட்டவணையில் ஒரே வரிசை.

அட்டவணைக்கு ஒன்றாக இருக்கலாம். அந்த ஏழைப் பெண்ணுக்கு ஒன்றல்ல. ‘ஆனால்’ என்று சொன்னவர் இன்னொரு கூற்றையும் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்: ஏழைகள் நேர்மையாக இருப்பதில்லை. இதை அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நாம் மறுத்திருப்போம். இணைப்புச் சொல்லுக்குள் வைத்துச் சொன்னதால் தலையாட்டிவிட்டோம்.

பெற்றோர்கள் இதை எமது தேர்ச்சி அறிக்கையிலேயே பார்க்கலாம். “நன்றாகப் படிக்கிறார், ஆனால் வகுப்பில் அதிகம் கதைக்கிறார்” என்று எழுதியிருந்தால் அன்றிரவு வீட்டில் கதைப்பதைப் பற்றித்தான் விசாரணை நடக்கும். “வகுப்பில் அதிகம் கதைக்கிறார், ஆனால் நன்றாகப் படிக்கிறார்” என்றிருந்தால் வாப்பா சிரித்துக்கொண்டு கையொப்பம் வைப்பார். தகவல் இரண்டிலும் ஒன்றே. ‘ஆனால்’ தனக்குப் பின்னால் வருவதற்கே பாரத்தைக் கொடுக்கிறது. எங்களிடம் பேசும்போதும், “கணிதத்தில் எழுபது எடுத்திருக்கிறாய், ஆனால் ராத்தா எண்பது எடுத்தாள்” என்பதில் எங்கள் எழுபது எங்கே போகிறது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

செய்திகளில் இதைவிட ஆபத்தான ஒரு சொல் இருக்கிறது. ‘இந்நிலையில்’. “கடையொன்று நேற்றிரவு தீப்பற்றி எரிந்தது. இந்நிலையில் உரிமையாளர் வெளிநாடு சென்றுள்ளார்.” உரிமையாளர்தான் தீ வைத்தார் என்று செய்தி சொல்லவில்லை. மறுத்தால், “நாங்கள் அப்படி எழுதவில்லையே” என்று சொல்லலாம். வாசித்தவர் மனதில் மட்டும் அந்தச் சந்தேகம் பதிந்துவிட்டது. ‘பின்னர்’ என்பதை ‘அதனால்’ என்று மாற்றிவிட்டுக் கைபேசிக் குழுக்களில் அனுப்பப்படும் செய்திகளையும் பார்க்கிறோம். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை எல்லாம் ஒன்றினால் ஒன்று நடந்தவை ஆகா. அளவையியலில் இதைப் போலி என்று படித்துப் புள்ளியும் வாங்குகிறோம். அனுப்பும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

பரீட்சையில் இணைப்புச் சொற்கள் இருந்தால் கட்டுரை நன்றாகத் தோன்றுமே, எழுதத் தடுமாறும் பிள்ளைக்குப் பட்டியல் ஓர் ஊன்றுகோல்தானே என்று சிலர் கேட்கலாம். தரம் 6 பிள்ளைக்கு அது சரி. உயர்தரம் வரை அதே கோலோடு நடப்பதுதான் பிரச்சினை. தடுமாறும் பிள்ளைக்கு இரண்டு வசனங்களைக் கொடுத்து, “இதுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டால், அவள் வீட்டில் பேசும் தமிழிலேயே சரியான விடையைச் சொல்லிவிடுவாள்.

எனக்கு இந்த விடயம் வெறும் கட்டுரைப் பாடமாக இல்லாமற் போனதற்கு ஒரு காரணம் உண்டு. போட்டிகளுக்குப் போகும் எங்களில் பலரும் கேட்டிருக்கக் கூடிய ஒரு பாராட்டு இருக்கிறது: “முஸ்லிமாக இருந்தும் அழகாகத் தமிழ் பேசுகிறீர்கள்.” சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்த ‘இருந்தும்’ என்ன சொல்கிறது என்று அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழில் தொடங்கினார். 1885இல் ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ என்ற நாவலை எழுதி வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை அதிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். அதற்கு வெகு காலத்துக்கு முன்பே உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடிவிட்டார். இத்தனைக்கும் பிறகு ‘இருந்தும்’ என்ற சொல்லுக்கு அந்த வசனத்தில் என்ன வேலை?

அதை ‘முஸ்லிமாக இருப்பதால்’ என்று மாற்றுமாறும் நான் கேட்க மாட்டேன், அதுவும் உண்மையில்லை. எங்கள் வீட்டில் தமிழ் பேசுவதால் எனக்குத் தமிழ் வருகிறது. எங்கள் ஆசிரியை கொப்பியைச் சிவப்பு மையால் நிரப்பித் தருவதால் கொஞ்சம் எழுதவும் வருகிறது. அந்த வசனத்துக்கு இந்த இரண்டு ‘ஆல்’களும் போதும்.