கூரையை விட்டுவிட்டு ஏசியைத் திட்டுவானேன்?

"கடைசி மாடி என்றால் வெக்கை இருக்கத்தான் செய்யும். கூரைக்குப் பணத்தைக் கொட்டாதே, அந்தக் காசில் ஏசி வாங்கிப் போடு." வீடு கட்டுகிறவர்களுக்கு மேஸ்திரி முதல் மைத்துனர் வரை எல்லோரும் தவறாமல் சொல்லும் யோசனை இது. இதற்கு முட்டுக்கொடுக்க நாலைந்து வாதங்களும் கூடவே வரும். அவை எதுவுமே நிற்காது என்பது என் கட்சி.

சூடு ஜன்னல் வழியாகவும் மேற்குச் சுவர் வழியாகவும்தான் வருகிறது என்பார்கள். அப்படியானால் அதே ஜன்னலும் அதே மேற்குச் சுவரும் உள்ள கீழ்வீடு ஏன் அவ்வளவு கொதிப்பதில்லை? சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். கம்பை நட்டால் நிழல் விழாது. அக்னி நட்சத்திரம் முடியும்வரை உச்சியை விட்டு அதிகம் விலகுவதும் இல்லை. அந்நேரத்தில் வெயில் சுவர்களை உரசிக்கொண்டு போகிறது, மொட்டை மாடியோ மொத்தமும் வாங்குகிறது. சுவருக்குச் சன்ஷேடு உண்டு, வேப்பமரம் உண்டு, பக்கத்து வீடு உண்டு. மாடிக்கு யார் குடை பிடிப்பது?

அடுத்தது, "ஆறு அங்குலக் கான்கிரீட்டைத் தாண்டிச் சூடு இறங்குமா?" இறங்கும், சாவகாசமாக இறங்கும். மதியம் தளம் குடித்த வெயில் உள்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. அதனால்தான் விளக்கு வைத்த பிறகும் சீலிங் கையைச் சுடுகிறது, ராத்திரி ஃபேன் போட்டால் அனலை இறக்குகிறது. கான்கிரீட் கனமானதே தவிர, சூட்டைத் தடுப்பதில் சோம்பேறி. அது கடத்துவதில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு சூட்டைத்தான் தெர்மோகோல் கடத்தும். ஓர் அங்குலத் தெர்மோகோல் செய்கிற வேலையைக் கான்கிரீட் செய்ய மூன்றடிக்கு மேல் கனம் வேண்டும். மத்திய அரசு 2018இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் வீட்டுக் கட்டுமான விதித்தொகுப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது என்கிறது. நம் வெறுந்தளத்தில் கடப்பது 3 வாட்டுக்கும் மேல். மேலே ஓர் அங்குலத் தெர்மோகோல் போட்டால் ஒரு வாட் அளவுக்கு வந்துவிடும்.

ஏசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்குக் கணக்கே பதில். பத்துக்குப் பதினைந்து படுக்கையறை, சுமார் 14 சதுர மீட்டர். தளத்தின் மேற்பரப்பு 55 டிகிரி, உள்ளே 25 டிகிரி வைத்துக்கொள்வோம். அந்த நிலை நீடித்தால் கூரை வழியாக மட்டும் ஒன்றரை கிலோவாட் சூடு இறங்கும். ஒன்றரை டன் ஏசியின் முழுத் திறனே ஐந்தேகால் கிலோவாட்தான். அந்த ஓர் அங்குலம் இருந்தால் இறங்குவது அரை கிலோவாட்டுக்கும் குறைவு. ஏசியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய ஏசி வாங்குமுன் சின்ன ஏசி போதுமா என்று கூரையைக் கேளுங்கள் என்கிறேன். இரண்டு மாத மின்கட்டணம் அடுத்த ஸ்லாபுக்குத் தாவும் வீடுகளுக்கு இது இன்னும் உறைக்கும்.

"வெள்ளை பெயின்ட் வெறும் கண்துடைப்பு" என்பதில் கால்வாசி உண்மை உண்டு. தூசியும் பாசியும் படிந்தால் அதன் பலன் குறையும். கழுவ வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி அடிக்கவும் வேண்டும். ஆனால் வெயிலை உள்ளே விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புவது அதுதான், செலவும் குறைவு. தெலங்கானா 2023இல் இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்து, அரசு, வணிகக் கட்டடங்களுக்கு இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் 'குளிர்கூரை'யைக் கட்டாயமாக்கியது.

தெர்மோகோல் என்றாலே நம்மூரில் சிரிப்பு வரும். 2017இல் நீர் ஆவியாகாமல் இருக்கட்டும் என்று வைகை அணையில் அதை மிதக்கவிட்ட புண்ணியம். அணைக்கு உதவாதது தளத்துக்கு உதவும். ஆனால் அறைக்குள் சீலிங்கில் அப்படியே ஒட்டாதீர்கள், தீப்பிடித்தால் ஆபத்து. தளத்தின் மேலே, வாட்டர்ப்ரூஃபிங்குக்கு அடுத்து, அதன் இறுக்கமான வகையான, நீரை அவ்வளவாக உறிஞ்சாத எக்ஸ்பிஎஸ் போர்டாகப் போட்டு, அதன் மேல் கலவையும் தட்டோடும் வருவதுதான் முறை. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் மட்டும் போதுமா என்றால், அழகுக்குப் போதும்.

"அந்தக் காலத்துச் சுண்ணாம்புத் தளம் போதாதா?" மெட்ராஸ் டெரஸில் மர உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு பதித்தார்கள். அருமையான வேலை, சூட்டைத் தாமதப்படுத்தும். ஆனால் மூன்று அங்குல ஜல்லித் தளம் சூட்டைத் தடுக்கும் அளவு, கால் அங்குலத் தெர்மோகோலுக்கும் குறைவு. அந்த வீடுகள் குளுமையாக இருந்ததற்கு உயரமான கூரைக்கும் முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் பெரும் பங்கு உண்டு. எட்டரை அடியில் சீலிங் வைத்துக்கொண்டு பாட்டன் வீட்டுக் குளுமையைக் கேட்டால் எப்படி?

நியாயமான ஆட்சேபம் ஒன்றுதான்: கூரைக்கு இப்படித் தெர்மோகோல் காப்பு போட்டால் ராத்திரியில் உள்ளே இருக்கும் சூடு கூரை வழியாக வெளியேறவும் தடையாகும். ஏசி இல்லாத வீட்டில் இது உண்மை. அங்கே முதலில் வெள்ளை பெயின்ட், ராத்திரி ஜன்னலைத் திறந்துவைப்பது. காப்பு அதற்குப் பிறகு.

ஒழுகும் தளத்தின் மேல் எதைப் போட்டாலும் வீண், முதலில் ஒழுக்கை அடைத்துவிடுங்கள். கான்ட்ராக்டரிடம் "நல்ல மெட்டீரியலா?" என்று கேட்பதை விட்டு, போர்டு எத்தனை மில்லிமீட்டர், சூடு கடத்தும் அளவு என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மழை ஓய்ந்து தளம் காய்ந்திருக்கும் தை, மாசியிலேயே வேலையை முடித்துவிடுங்கள். சித்திரையில் ஆள் தேடினால் கூலியும் ஏறியிருக்கும், தளத்தில் கால் வைக்கவும் முடியாது.