கையெழுத்து கேட்கும் முன் பயிற்சி எங்கே?

மருந்து டாங்கியை முதுகில் ஏற்றுகிறவருக்கும் ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கும் முறையான பாதுகாப்புப் பயிற்சி வேண்டும் என்று நாம் கேட்டு வருகிறோம். "கொடுத்தாயிற்று, இதோ கையெழுத்து" என்று நிர்வாகம் ஒரு தாளைக் காட்டினால் பேச்சு அதோடு நின்றுவிடும். அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும், அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதை அமெரிக்கா சுரங்கத் தொழிலாளருக்காகச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது.

அது சும்மா வந்த சட்டமல்ல. 1972 மே 2ஆம் திகதி ஐடஹோ மாநிலத்தின் சன்ஷைன் வெள்ளிச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. நச்சுப் புகையில் 91 பேர் மாண்டார்கள். புகையில் உயிர் காக்கும் சுவாசக் கருவி அங்கே இருந்தது. ஆனால் அதைப் போட்டுப் பழகியிராதவர்கள் பலர். இத்தகைய சாவுகளுக்குப் பிறகே 1977இல் புதிய சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அச்சட்டத்தின்படி நிலத்தடிச் சுரங்கத்தில் புதிதாகச் சேர்பவருக்குக் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி; மேற்பரப்புச் சுரங்கத்தில் 24 மணி நேரம். அதன் பின் வருடந்தோறும் 8 மணி நேரம். பயிற்சி வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளமும் உண்டு. என்ன பாடம், யார் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்ற திட்டத்தை முதலாளி எழுதி வைக்க வேண்டும். அதன் பிரதி இரண்டு வாரங்களுக்கு முன்பே தொழிலாளர் பிரதிநிதியின் கைக்கு வர வேண்டும். கல், மணல் குவாரிகளுக்கான விதிகளில் தொழிலாளிக்கு விளங்கும் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் அத்தாட்சி கொடுக்க வேண்டியவர் முதலாளி. "இந்தத் தொழிலாளிக்கு இன்னின்ன பாடம் கற்பித்தேன்" என்று அவரே உறுதிப்படுத்தி, ஒரு பிரதியைத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காத பயிற்சியைக் கொடுத்ததாக எழுதினால் தண்டனை. அந்த எச்சரிக்கை அத்தாட்சித் தாளிலேயே தடித்த எழுத்தில் அச்சாகியிருக்க வேண்டும். பயிற்சி இல்லாத ஒருவரைப் பரிசோதகர் கண்டால் வேலையிலிருந்து அப்புறப்படுத்துவார். அதற்காக அவர் சம்பளத்தை வெட்டவோ வேலையை விட்டு நிறுத்தவோ முடியாது.

அந்தச் சட்டம் நமது தோட்டங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதில் உள்ளவற்றை நாமும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம். பயிற்சித் திட்டம் எழுத்தில், தமிழில், முன்கூட்டியே தோட்டத் தலைவரிடம் வர வேண்டும். பயிற்சி நாளுக்கு முழுப் பேர் விழ வேண்டும். மருந்தடிக்க, மெஷினில் நிற்கப் புதிதாக அனுப்பப்படும் எவரும் பயிற்சி முடியாமல் வேலையில் இறங்கக்கூடாது. அத்தாட்சியின் பிரதி ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ள காரியம் ஒன்று உண்டு. பிரட்டில் அவசரமாக நீட்டப்படும் தாளில், வாசிக்காமல் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடமோ தலைவரிடமோ காட்டுங்கள். நாளைக்கு விபத்து நடந்தால், "பயிற்சி கொடுத்தோம், அவர்தான் கவனமில்லாமல் இருந்தார்" என்று சொல்ல அந்தத் தாளைத்தான் எடுப்பார்கள். கற்பிக்காத பாடத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் திகதியைக் குறித்துக்கொண்டு உடனே சங்கத்துக்கு அறிவியுங்கள்.