திருத்திய படமும் மாணவரின் படைப்பாற்றலும்

இக்காலத்து விளம்பரங்களில் இடம்பெறும் புகைப்படங்களுள், காமிரா பதிவு செய்தவாறே மாற்றமின்றி வெளிவருவன மிகச் சிலவே. முகத்தின் சுருக்கம் மறைகிறது, தோலின் நிறம் வெளுக்கிறது, இடை மெலிகிறது, வேறோரிடத்து வானம் வந்து பின்னணியில் பொருந்துகிறது. இம்மாற்றங்களைச் செய்யும் தொழில் இப்பொழுது வடிவமைப்புக் கல்லூரிகளில் பாடமாகவே அமைந்துவிட்டது. இப்பயிற்சி மாணவரின் படைப்பாற்றலை வளர்க்கிறதா, அன்றித் தேயச் செய்கிறதா என்பது ஆசிரியரும் பெற்றோரும் கருதத்தக்க வினாவாகும்.

படத்தைத் திருத்துவதே பொய்யென்று கொள்வோர் சிலர். மென்பொருளை விரைந்து கையாளுவதே கலையென்று கொள்வோர் வேறு சிலர். இவ்விரு கொள்கைகளும் பொருந்துவன அல்ல.

திருத்தம் புதிதன்று. 1857-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். ஒரே நொடியில் எந்தக் காமிராவும் காணவியலாத கற்பனைக் காட்சி அது. நம் நாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓவியர்கள் புகைப்படத்தின் மீது வண்ணந் தீட்டி மன்னர்களின் உருவங்களை அணி செய்தனர். இவற்றைப் படைப்பென்று மதிக்கிறோமேயன்றி மோசடியென்று இகழ்வதில்லை.

டிஜிட்டல் படத்தில் நிகழ்வது யாது? அப்படம் பிக்சல் எனப்படும் நுண்ணிய கட்டங்களால் ஆனது. வழக்கமான முறையில், ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. இவற்றின் சேர்க்கையால் 1 கோடியே 67 இலட்சத்திற்கும் மேற்பட்ட நிறங்கள் பிறக்கின்றன. தோலை மழமழப்பாகக் காட்டுவதற்குரிய எளிய வழி, ஒரு கட்டத்தின் எண்ணை அதனைச் சூழ்ந்த கட்டங்களின் சராசரிக்கு அருகே கொணர்வதாகும். மருவும் மயிர்க்காலும் நுண்கோடும் படத்தில் அண்டைக் கட்டங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளாகவே பதிந்துள்ளன. சராசரி எடுத்தவுடன் அவ்வேறுபாடு அழிகிறது. இதனை உணர்ந்த மாணவர், தாம் எதனை இழக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பார். உணராதவர் பொத்தானை அழுத்துவார். அதே பொத்தானை அழுத்தும் ஆயிரவர் பெறும் முகத்தையே அவரும் பெறுவார்.

இக்கருவிகளின் பிறப்பு நினைவிற் கொள்ளத்தக்கது. 1987-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தாமஸ் நோல், கறுப்பும் வெள்ளையும் மட்டுமே காட்டவல்ல திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்கு ஒரு நிரல் எழுதினார். அதனை அவரும் அவர் சகோதரர் ஜானும் விரிவாக்கினர். 1990-இல் அது ஃபோட்டோஷாப் என்னும் பெயரில் வெளிவந்தது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளும் 1995-இல் பெர்க்லியில் இரு மாணவர்கள் தொடங்கிய பணியே. படம் எவ்வாறு அமைகிறது என்று வினவிய மாணவர்களே இவ்விரண்டையும் தொடங்கினர். சில சொற்களைத் தட்டச்சு செய்த மாத்திரத்தில் செயற்கை நுண்ணறிவு படம் அமைத்துத் தரும் இந்நாளில், அவ்வினவும் பழக்கம் முன்னிலும் இன்றியமையாததாகிறது.

இனி விளம்பரத்தை நோக்குவோம். கதைக்கு வரைந்த கற்பனைப் படம் வேறு. ஒரு பொருளின் பயனுக்குச் சான்றாகக் காட்டப்படும் படம் வேறு. களிம்பு பூசியதனால் முகம் பொலிவுற்றது என்று காட்டிவிட்டு, அப்பொலிவைக் கணினியில் உண்டாக்குதல் சான்றைத் திரிப்பதாகும். 2011-இல் பிரிட்டனின் விளம்பரக் கட்டுப்பாட்டு அமைப்பு லோரியால் நிறுவனத்தின் இரு விளம்பரங்களைத் தடை செய்தது. படத்திற் கண்ட பயன் கணினித் திருத்தத்தால் மிகைப்படுத்தப்படவில்லை என்று கொள்வதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. இஸ்ரேல் 2012-இலும், பிரான்சு 2017-இலும், நார்வே 2022-இலும் உடலை மாற்றிக் காட்டும் விளம்பரப் படங்களுக்கு அறிவிப்புக் குறி வேண்டும் என்னும் விதியைச் செயற்படுத்தவோ சட்டமாக இயற்றவோ முற்பட்டன. நம் நாட்டில் 2014-இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கருநிறத்தாரை அழகற்றவராகவோ துயருற்றவராகவோ விளம்பரங்களில் காட்டலாகாது என்று நெறி வகுத்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்யின் 50 இலட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

ஆயினும் சட்டம் படம் வெளிவந்த பின்னரே பேசும். படத்தைத் திருத்தும் கை அதற்கு நெடுநாள் முன்னரே வகுப்பறையில் பழகிவிடுகிறது. மாநிறப் பெண்ணின் முகத்தை வெளுக்கச் செய்யும் பயிற்சியை நாள்தோறும் செய்யும் மாணவி, அந்நிறமே குறையென்று தம்மையறியாமல் கற்றுக்கொள்ளக் கூடும். அவரது கண் பிறர் வகுத்த அழகையே தேடப் பழகும். புதியதைக் காணும் ஆற்றல் அங்கேயே குன்றும். இழப்பு விளம்பரத்தைக் காண்போர்க்கு மட்டுமன்று.

இதற்கு ஒரு முறையை முன்வைக்கலாம். மாணவர் திருத்திய படத்தை ஒப்படைக்கும்போது மூன்றினை உடன் அளித்தல் வேண்டும்: மாற்றம் பெறாத மூலப்படம், செய்த மாற்றங்களின் பட்டியல், ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு வரிக் காரணம். மதிப்பெண்ணில் ஒரு பகுதி இவற்றிற்கென ஒதுக்கப்படுதல் நலம். ஆய்வுக்கூடத்தில் மாணவர் குறிப்பேடு எழுதுவதைப் போன்றதே இது.

தொழில் உலகம் முடிந்த படத்தை மட்டுமே கேட்கிறது, இத்தனைக்கும் நேரம் ஏது என்று சிலர் கூறலாம். படத்தின் உண்மை வினவப்படும் நாளில், மூலப்படத்தைக் காட்டி விடை கூறவல்ல தொழிலாளரையே அவ்வுலகமும் நாடும். மேலும், காரணம் எழுத முற்படும் மாணவர், காரணமற்ற திருத்தங்களைத் தாமே கைவிடுவார். எஞ்சி நிற்பது அவருடைய சொந்தக் கற்பனையாயிருக்கும். வரும் கல்வியாண்டில் ஒரு வகுப்பிலேனும் ஆசிரியர்கள் இதனைத் தொடங்கிப் பார்ப்பார்களாக.